குதிரைத்திறனைக் கூட்டாமல் டிராக்டரின் பலத்தைக் கூட்டியவர்: யார் இந்த ஹாரி ஃபெர்குசன்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எந்த டிராக்டரின் பின்பக்கத்தையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. அந்த மூன்றில்தான் கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டப்பட்டிருக்கும். மஹிந்திரா, ஸ்வராஜ், ஜான் டீர், குபோட்டா என்று கம்பெனி எதுவானாலும் அந்த மூன்று கைகள் மாறாது.

இந்த அமைப்புக்குப் பின்னால் இருப்பவர் அயர்லாந்தில் பிறந்த ஒரு மெக்கானிக். பெயர் ஹாரி ஃபெர்குசன். டிராக்டருக்குப் பலம் வேண்டுமென்றால் பெரிய இன்ஜின் போடு, எடையைக் கூட்டு என்று உலகமே நம்பிய காலத்தில், இன்ஜினைத் தொடாமலே சின்ன டிராக்டரைப் பெரிய டிராக்டரின் வேலையைச் செய்ய வைத்தவர். அதே மனிதரின் டிராக்டர்களில் பிறகு ஆளாளுக்குப் பெரிய இன்ஜினைத் திணித்துப் பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தக் கதைக்கும் வருவோம்.

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

1884 நவம்பர் 4 அன்று, இன்றைய வடக்கு அயர்லாந்தில் இருக்கும் டவுன் மாவட்டத்தின் க்ரோவெல் என்ற ஊரில் பிறந்தார். 11 பிள்ளைகள் கொண்ட விவசாயக் குடும்பம். அப்பா கடுமையான மதக் கட்டுப்பாடு உள்ளவர். மகனுக்கு அந்தக் கட்டுப்பாடும் ஒத்துவரவில்லை, வயல் வேலையும் ஒத்துவரவில்லை. 1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திவந்த சைக்கிள், கார் ரிப்பேர் பட்டறையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் ரகம். மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டினார். 1909-ல் ஐரோப்பாவில் நடந்த விமானக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, தானே ஒரு விமானம் செய்தார். அந்த வருஷத்தின் கடைசி நாள், டிசம்பர் 31, ஹில்ஸ்பரோவில் சுமார் 130 கஜம் தூரம் அதில் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர்தான். ஆனா, பெயர் நிலைத்தது வானத்தில் செய்த வேலைக்காக அல்ல. வயலில் செய்த வேலைக்காக.

1911-ல் சொந்தமாகக் கார் விற்பனைக் கடை தொடங்கினார். கூடவே அமெரிக்க டிராக்டர்களையும் விற்றார். முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டனுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த உணவுக்கு ஆபத்து. உள்ளூரிலேயே அதிக நிலத்தை உழுதாக வேண்டும். 1917-ல் அயர்லாந்து விவசாய வாரியம், டிராக்டர்களைச் சரியாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஃபெர்குசனிடம் பொறுப்பைக் கொடுத்தது. பட்டறையில் அவருடன் இருந்த வில்லி சாண்ட்ஸ் என்ற திறமையான மெக்கானிக்கும் கூடச் சென்றார்.

சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டது இன்ஜின் கோளாறு அல்ல. ஆட்களைக் கொல்லும் ஒரு கோளாறு.

டிராக்டர் ஏன் ஆளைக் கொன்றது?

அந்தக் காலத்து டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுப்பார்கள். மாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்பு வண்டியை வைத்தது போலத்தான். நிலத்துக்குள் ஒரு பாறையில் கொழு சிக்கிவிட்டால் மாடு நின்றுவிடும். இன்ஜினுக்கு நிற்கத் தெரியாது.

கலப்பை நின்றுவிட்டது, பின் சக்கரமும் சுழல முடியவில்லை. ஆனால் இன்ஜின் முறுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த முறுக்கு எங்கேயாவது போயாக வேண்டும் இல்லையா? சக்கரம் சுழலாவிட்டால், பின் அச்சைச் சுற்றி டிராக்டரே சுழலும். முன்பக்கம் மேலே தூக்கி, அப்படியே பின்னால் கவிழும். சீட்டில் இருப்பவருக்கு யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது. ஃபோர்டின் புகழ்பெற்ற ஃபோர்ட்சன் டிராக்டரில் இப்படிப் பலர் இறந்தார்கள்.

இதற்கு அப்போது இருந்த வழக்கமான மருந்து, டிராக்டரைக் கனமாக்குவது. எடை கூடினால் பிடிப்பும் கூடும், முன்பக்கம் எளிதில் தூக்காது. ஆனால் கனமான டிராக்டர் ஈர மண்ணை அழுத்திக் கெட்டியாக்கும். தன்னைத்தானே இழுத்துச் செல்லவே பாதி எரிபொருளைக் குடிக்கும். விலையும் சின்ன விவசாயிக்கு எட்டாது. ஃபெர்குசனின் அப்பா வைத்திருந்தது போன்ற நிலத்துக்கு அது உதவவே உதவாது.

மூன்று கைகளின் கணக்கு

ஃபெர்குசன் கேள்வியையே மாற்றினார். டிராக்டரும் கலப்பையும் ஏன் இரண்டு தனித்தனிப் பொருளாக இருக்க வேண்டும்? ஒரே உடம்பாக்கினால் என்ன?

இதற்கு ஒரே இரவில் விடை கிடைக்கவில்லை. 1917-ல் தொடங்கி, 1925-ல் முக்கியமான காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அது ஒழுங்காக வேலை செய்யும் முழு டிராக்டராக 1933-ல் வெளியே வரும்வரை சுமார் 16 வருஷம் ஆனது. அந்த முதல் மாதிரிக்குக் கறுப்பு நிறம் அடித்திருந்ததால் இன்றும் கறுப்பு டிராக்டர் என்றுதான் பெயர்.

கணக்கு இதுதான். உழும்போது மண் கலப்பையைப் பின்னால் இழுக்கிறது. கீழே உள்ள இரண்டு கைகள் அந்த இழுப்பைத் தாங்குகின்றன. கலப்பையின் மேல்பகுதியோ முன்னால் சாயப் பார்க்கும். அப்போது மேலே இருக்கும் கை, அதாவது நம்மூர் டிரைவர்கள் டாப் லிங்க் என்று சொல்வது, டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன்பக்கத்தைத் தூக்க நினைக்கும் விசைக்கு இது நேர் எதிர். அதனால் முன் சக்கரம் தரையோடு ஒட்டியிருக்கும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். அந்த டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். மண் கெட்டியானால் அழுத்தம் கூடும். உடனே ஹைட்ராலிக் வால்வு திறந்து கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கும். மண் இளகினால் மறுபடி இறக்கும். டிரைவர் எதையும் தொட வேண்டியதில்லை. இதற்கு டிராஃப்ட் கன்ட்ரோல் என்று பெயர். இப்படித் தூக்கிப் பிடிக்கும்போது கலப்பையின் எடையும், அதன் மேல் ஏறி அழுத்தும் மண்ணின் எடையும் பின் சக்கரத்தின் மேல் வந்து சேரும். அதாவது தேவைப்படும் நேரத்தில் மட்டும் டிராக்டர் கனமாகும். வேலை முடிந்ததும் மறுபடி இலேசாகிவிடும்.

பாறையில் மோதினால்? ஸ்பிரிங் ஒரேயடியாக அழுந்தும், பின் சக்கரத்தின் மேல் இருந்த கூடுதல் எடை விலகும், பிடிப்பு போய்ச் சக்கரம் வழுக்கிச் சுற்றும். டிராக்டர் கவிழாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆள் பிழைப்பார்.

ஒரு கைகுலுக்கல், ஒரு டிராக்டர்

1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனம் இந்த டிராக்டரை இங்கிலாந்தில் தயாரித்தது. சுமார் 1,350 வண்டிகள்தான் வந்தன. டேவிட் பிரவுன் இன்னும் பெரிய, அதிக சக்தியுள்ள டிராக்டர் வேண்டும் என்றார். ஃபெர்குசன் சின்னதாகவே, விலை குறைவாகவே இருக்க வேண்டும் என்றார். இருவரும் பிரிந்தார்கள்.

1938 அக்டோபரில் ஒரு வண்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஹென்றி ஃபோர்டின் வீட்டருகே இருந்த நிலத்தில் உழுது காட்டினார். ஃபோர்டும் விவசாயி மகன். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. ஃபோர்டு தயாரிப்பது, ஃபெர்குசன் விற்பது என்று முடிவானது. வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை; கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். இன்று ஒரு ஃப்ரீலான்ஸ் வேலைக்கே நாலு பக்க ஒப்பந்தம் போடுகிறோம்.

1939 ஜூனில் ஃபோர்டு 9என் வந்தது. விலை 585 டாலர். அதன் இன்ஜினில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபோர்டு குழுமத்தின் 239 கன அங்குல வி8 கார் இன்ஜினை நடுவில் பிளந்ததுபோல அதே அளவு போர், அதே ஸ்ட்ரோக், ஆனால் நாலே சிலிண்டர். கொள்ளளவு சரியாகப் பாதி, சுமார் 1,960 சிசி. சக்தி 20 ஹெச்பி-யைக் கொஞ்சம் தாண்டும். இந்தக் குட்டி இன்ஜினோடு அது செய்த வேலையைப் பார்த்து விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். போர்க்காலத்தில் வந்த 2என் மாடலையும் சேர்த்தால் 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

பாதி வி8 இருந்த இடத்தில் முழு வி8

மனித மனசு சும்மா இருக்குமா? போர் முடிந்தது. அமெரிக்காவின் பெரிய பண்ணைக்காரர்களுக்கு இந்தக் குட்டி டிராக்டர் பிடித்திருந்தது, ஆனா இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்று தோன்றியது. கன்சாஸ் மாநிலம் காஃபிவில்லில் சின்ன விமானங்கள் தயாரித்துவந்த ஃபங்க் சகோதரர்கள், விமான வியாபாரம் படுத்ததும் இதில் இறங்கினார்கள். ஃபோர்டு டிராக்டரில் ஆறு சிலிண்டர் இன்ஜினையோ வி8 இன்ஜினையோ பொருத்தும் மாற்று கிட்டை விற்றார்கள். 20 சொச்சம் ஹெச்பி இருந்த இடத்தில் 100 ஹெச்பி அளவுக்கு இன்ஜின். இன்று பழைய டிராக்டர் சேகரிப்பாளர்கள் மத்தியில் இந்த ஃபங்க் வண்டிகளுக்குத் தனி மவுசு.

சரி, ஹெச்பி நாலு மடங்கானால் உழவும் நாலு மடங்காகுமா? ஆகாது. இன்ஜினைத் தவிர மற்ற எல்லாம் பழசுதானே. கியர்பாக்ஸ், பின் அச்சின் பற்சக்கரம், கிளட்ச், பிரேக் எல்லாமே 20 சொச்சம் ஹெச்பி-க்கு அளந்து செய்தவை. அதைவிட முக்கியம், சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடிப்பு. வண்டியின் எடை சுமார் ஒரு டன்தான். அந்தப் பிடிப்பு தாங்கும் அளவுக்கு மேல் இன்ஜின் எவ்வளவு கொடுத்தாலும் டயர் வழுக்கிக் குழி தோண்டும். அதைத் தடுக்க எடை ஏற்றினால் பளு முழுக்கக் கியருக்குப் போகும். போதாக்குறைக்கு, இழுக்கும் பாரத்தைப் பின் அச்சுக்கு மேலே கட்டினால் முன்பக்கம் தூக்கும் பழைய ஆபத்து திரும்ப வரும். ஃபெர்குசன் 16 வருஷம் போராடி அடைத்த கதவை மறுபடி திறந்துவிட்ட மாதிரி.

சாம்பல் நிறக் குட்டி

1945-ல் ஃபோர்டு நிறுவனம் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் கைக்கு வந்தது. டிராக்டர் பிரிவு நஷ்டத்தில் இருந்தது. தாத்தாவின் கைகுலுக்கல் பேரனைக் கட்டுப்படுத்தவில்லை. 1947-ல் ஃபெர்குசனைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட அதே டிராக்டரை 8என் என்ற பெயரில் ஃபோர்டு தானே விற்கத் தொடங்கியது. மூன்று கைகளும் ஹைட்ராலிக்கும் அப்படியே இருந்தன.

நல்லவேளையாக, ஃபெர்குசன் அதற்குள் இங்கிலாந்தில் இன்னொரு ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். 1946-ல் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலையில் டிஇ20 தயாரிப்பு தொடங்கியது. சாம்பல் நிறம் மட்டும்தான், வேறு நிறம் கிடையாது. அதனால் செல்லப்பெயர் குட்டிச் சாம்பல் ஃபெர்கி. ஒழுங்கு விஷயத்தில் ஃபெர்குசன் படு கறார், விளம்பரத்திலோ மன்னன். லண்டனின் ஆடம்பரமான கிளாரிட்ஜஸ் ஹோட்டலுக்குள் டிராக்டரைக் கொண்டுபோய், வாசல் படிக்கட்டில் தானே ஓட்டி இறக்கினார். 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் டிஇ20 தயாரானது.

பழைய டிராக்டரின் சக்தியைக் கூட்டும் ஆர்வம் இருப்பவர்களுக்கு டிஇ20 ஒரு பாடப்புத்தகம். ஸ்டாண்டர்ட் இன்ஜினில் சிலிண்டர்கள் வெட் லைனர் வகை. அதாவது சிலிண்டர் குழாயைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். முதலில் போர் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 92. கொள்ளளவு 1,850 சிசி. பிறகு கம்பெனியே போரை 85 ஆக்கியது. வெறும் 5 மில்லிமீட்டர்தான், ஆனால் பரப்பளவு விட்டத்தின் இருமடியில் வளரும் என்பதால் கொள்ளளவு 2,088 சிசி ஆனது. கிட்டத்தட்ட 13 சதவீதம் அதிகம். இன்றைய ஆர்வலர்கள் 87 மில்லிமீட்டர் லைனர் வரை போடுகிறார்கள். அது 2,188 சிசி.

இன்னொரு வழி, கம்ப்ரஷன். மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளில் ஓடும் மாடலும் டிஇ20-ல் வந்தது. அந்த எரிபொருளை அதிகமாக அழுத்தினால் நேரம் தப்பி வெடித்து இன்ஜின் தட்டும். அதனால் கம்ப்ரஷனைக் குறைத்து வைத்திருந்தார்கள், சக்தியும் குறைந்தது. அப்படிப்பட்ட வண்டியில் பெட்ரோல் மாடலின் ஹெட்டைப் போட்டுப் பெட்ரோலில் ஓட்டினால் சில ஹெச்பி திரும்பக் கிடைக்கும். மூன்றாவது வழி கவர்னரைத் திருகி ஆர்பிஎம்மைக் கூட்டுவது. இது பார்க்க ஈஸி, ஆனா மோசம். ஹெச்பி என்பது முறுக்கு விசையும் வேகமும் சேர்ந்த பெருக்கல். வேகத்தைக் கூட்டினால் காகிதத்தில் ஹெச்பி கூடும். கலப்பைக்கு வேண்டிய இழுவை அப்படியேதான் இருக்கும், கனெக்டிங் ராடுக்குத்தான் ஆபத்து.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. இதே இன்ஜின் குடும்பம்தான் டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. கொள்ளளவு 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. டிராக்டரில் 28 ஹெச்பி பக்கம், காரில் 90. இரண்டு கார்புரேட்டர், அதிக கம்ப்ரஷன், வேறு கேம்ஷாஃப்ட் எல்லாம் உண்டு. ஆனால் அந்த 90 கிடைப்பது 4,800 ஆர்பிஎம்மில். டிராக்டர் இன்ஜின் 2,000-க்கு மேல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. வருஷக்கணக்கில் நாள் முழுக்க உழ வேண்டிய இன்ஜின் நிதானமாகத்தான் ஓட வேண்டும்.

இந்தச் சின்ன இன்ஜினால் என்ன முடியும் என்பதற்கு உச்சபட்ச சாட்சி 1958 ஜனவரி 4. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களோடு தென் துருவத்தை அடைந்தார். தரைவழியாக மோட்டார் வாகனம் அங்கே போனது அதுதான் முதல் முறை. பனியில் போகச் சங்கிலிப் பட்டை மாட்டியிருந்தார்கள், ஒன்றோடொன்றைக் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். துருவம் இருப்பது சுமார் 2,800 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று மெலிது, அதனால் இருக்கிற கொஞ்ச ஹெச்பி-யும் குறையும். அப்படியிருந்தும் போய்ச் சேர்ந்தன.

25 கோடி டாலர் வழக்கு

ஃபோர்டு மீது 1948-ல் வழக்குப் போட்டார் ஃபெர்குசன். கேட்ட தொகை 25.1 கோடி டாலர். அந்தக் காலத்தில் வாயைப் பிளக்க வைத்த எண். நாலு வருஷம் இழுத்தது. கைகுலுக்கலுக்கு ஆவணம் இல்லையே, வாதத்தில் காப்புரிமை முக்கிய இடம் பிடித்தது. 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஃபோர்டு தன் ஹைட்ராலிக் அமைப்பை மாற்றவும் வேண்டியிருந்தது. கேட்டதில் நாலு சதவீதம்கூட வரவில்லை. ஆனால் ஒரு தனி ஆள் ஃபோர்டை இறங்கிவர வைத்தார் என்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. இதற்கிடையே சில காப்புரிமைகளின் காலமும் முடிந்துவிட, மூன்று கைகள் மெல்ல மெல்ல எல்லாக் கம்பெனிகளின் சொத்தாகிவிட்டன.

1953-ல் தன் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் இழுபறி. காசைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்று சொன்னது ஃபெர்குசன்தான். சுண்டினார்கள், தோற்றார். கொஞ்ச நாளில் அங்கிருந்தும் விலகினார். யாரோடும் நீண்டகாலம் ஒத்துப்போகாத பிடிவாதம் அவருக்கு. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் 16 வருஷம் ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருக்கவும் மாட்டார்.

கடைசிக் காலத்தில் கார்களுக்கான நாலு சக்கர இயக்கத்தில் இறங்கினார். இங்கேயும் அதே எண்ணம்தான்: இன்ஜின் பலத்தைவிடச் சக்கரத்தின் பிடிப்பு முக்கியம். அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பி99 ரேஸ் காரை ஓட்டி, ஸ்டிர்லிங் மாஸ் 1961 செப்டம்பரில் ஓல்டன் பார்க் கோல்ட் கப்பை வென்றார். அதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை. தூக்கமின்மையாலும் மனச்சோர்வாலும் அவதிப்பட்டுவந்த அவர், 1960 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தில் தன் வீட்டுக் குளியலறையில் இறந்துகிடந்தார். வயது 75. உடலில் தூக்க மருந்து அளவுக்கு மீறி இருந்தது. விபத்தா, இல்லையா என்று விசாரணையில் முடிவு சொல்லப்படவில்லை.

அதே 1960-ல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது, மாஸி ஃபெர்குசனின் தொழில்நுட்பக் கூட்டோடு. தமிழ்நாட்டு வயல்களில் இன்றும் ஓடும் சிவப்பு நிற மாஸி 1035, அந்தச் சாம்பல் நிறக் குட்டிக்கு அடுத்து வந்த ஃபெர்குசன் 35-ன் வழிவந்த வண்டி. இன்ஜின் மாறியது, நிறம் மாறியது. டாப் லிங்க் ஸ்பிரிங் மட்டும் இன்னும் அதே இடத்தில்தான் அழுந்திக்கொண்டிருக்கிறது.